கொள்முதலில் விடுபட்ட வரி: கரிசல் வட்டாரத்தில் இயங்குதளமும் பயனர் தரவும், 2007–2025

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் கணினி வீட்டுக்குள் வந்த வழி வேறு. மானாவாரிப் பருத்தியையும் கம்பையும் உளுந்தையும் நம்பி, மழை பொய்த்தால் தீப்பெட்டி வேலைக்குப் போகும் குடும்பங்கள் பலவற்றுக்கு, முதல் கணினி என்பது பள்ளியில் பிள்ளைக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினிதான். எந்த இயங்குதளம் வேண்டும் என்று அவர்கள் கடையில் நின்று தேர்ந்தெடுக்கவில்லை. அரசு தேர்ந்தெடுத்தது. ஆகவே இப்பகுதியில் பயனர் தரவு எங்கே போகிறது என்ற கேள்வியை அரசுக் கொள்முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

அந்தக் கொள்முதலுக்கு ஒரு நல்ல முன்கதை உண்டு. 2007 வாக்கில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளையும் பள்ளிக் கணினிகளையும் சூசே லினக்ஸுக்கு மாற்ற முனைந்தார். அதே ஆண்டில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. அன்றைய வாதங்கள் உரிமக் கட்டணம், வைரஸ், ஒரே நிறுவனத்தை அண்டியிருத்தல் ஆகியவற்றைச் சுற்றியே நடந்தன. இயங்குதளமே பயனரைப் பற்றித் தன் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பும் என்ற கவலை அப்போது பெரிதாக எழவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் இடம்பெற்றன. பெயரளவில் இரண்டு வழி. நடைமுறையில், வேகம் குறைந்த கருவி சர்வீஸ் கடைக்குப் போனதும் ‘ஃபார்மட் போட்டு’ விண்டோஸை மட்டும் ஏற்றித் தருவது வழக்கமாயிற்று. பாஸ் லினக்ஸ் பல கருவிகளில் அங்கேயே அழிந்தது.

திருப்பம் 2015-இல் வந்தது. ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானது; பயன்பாட்டு விவரங்களைத் தொடர்ந்து அனுப்பும் ஏற்பாடு அதன் அடிப்படையிலேயே இருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, பழைய விண்டோஸ் 7-க்கு அதே ஆண்டு வந்த கேபி3068708 என்ற புதுப்பிப்பு. ஏற்கெனவே வீட்டில் இருந்த கருவிகளில் அது தரவு சேகரிக்கும் சேவையைப் புதிதாகச் சேர்த்தது. மாணவர் கையில் கொடுத்தபோது இல்லாத ஒன்று, கொடுத்த பின் உள்ளே வந்தது. இதை நான் வெறும் தொழில்நுட்ப மாற்றமாகப் பார்க்கவில்லை. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே இருந்த நம்பிக்கையின் நிபந்தனையே மாறிவிட்டது. அதே பருவத்தில் விண்டோஸ் 10-இன் நிறுவல் கோப்புகள், 6 ஜிபி வரைகூட, கேட்காமலே பல கணினிகளில் இறங்கின. டாங்கிளுக்கு ஒன்றிரண்டு ஜிபி ரீசார்ஜ் செய்து காலம் தள்ளியவருக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பா தட்டிக் கேட்டது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு அறிவிக்கை அனுப்பியது. அளவுக்கு மீறிய சேகரிப்பு என்பது அதன் முதன்மைக் குற்றச்சாட்டு. நெதர்லாந்து ஆணையம் 2017 அக்டோபரில் விண்டோஸ் 10 தனியுரிமைச் சட்டத்தை மீறுகிறது என்றது. நிறுவனமும் இறங்கி வந்தது: அடிப்படை நிலையில் அனுப்பும் தரவைக் குறைத்தது, அனுப்புவதைப் பயனரே பார்க்க ஒரு கருவி தந்தது. ஆனால் சேகரிப்பை ஆகக் குறைந்த நிலைக்கு இறக்கும் வசதி நிறுவன, கல்விப் பதிப்புகளுக்கே கிடைத்தது. வீட்டுப் பதிப்புக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கும் அரசு இந்த வேறுபாட்டைக் கேட்டு வாங்கியிருக்க முடியும். ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி போதும்.

அதற்காக, லினக்ஸ் போன்ற திறமூலம் என்றாலே பாதுகாப்பு என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 என்ற லினக்ஸ் இயங்குதளம், கணினிக்குள் தேடும் சொற்களையும் அமேசான் விளம்பரத்துக்காக வெளியே அனுப்பியது. கண்டனம் கடுமையாக எழுந்தும் 2016-இல்தான் அது இயல்பாக அணைந்த நிலைக்கு வந்தது.

இன்று கரிசல் ஊர்களில் மடிக்கணினியைவிட ஆண்ட்ராய்டு கைப்பேசியே அதிகம் புழங்குகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, சும்மா கிடக்கும்போதுகூட ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை தம் நிறுவனங்களுக்குத் தரவு அனுப்பின; பயனர் வேண்டாமென்று அணைத்திருந்தாலும் அனுப்பின.

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. 18 வயது நிறையாதவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அந்த வயதினரைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது. பிளஸ் டூ மாணவர் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருபவர். இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதற்கு 18 மாதம் கழித்தே நடப்புக்கு வரும். அந்த விதிகள் வருவதற்கு முன்பே, 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. அந்தக் கருவிகள் எந்தத் தரவை, எந்த அளவில், இயல்பாகவே அனுப்பும் என்பதை மாணவருக்குத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு, விற்பவருக்கு முன் வாங்கிக் கொடுக்கும் அரசுக்கே உண்டு.