பரவல் நுண்மூச்சுக்குழல் அழற்சி: எரித்ரோமைசின் நீள்சிகிச்சை

ஜப்பானில் 1960களில் தனி நோயாக அடையாளம் காணப்பட்டது பரவல் நுண்மூச்சுக்குழல் அழற்சி. நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்கி, நாள்தோறும் ஏராளமாகச் சளி வெளியேறும். நாளடைவில் சூடோமோனாஸ் கிருமி குடியேறிவிடும். 1970களில் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் 5 ஆண்டுகளுக்குள் இறந்தனர். 1980களில் மருத்துவர் ஷோஜி குடோ, எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் குறைந்த அளவில் (நாளுக்கு 400–600 மி.கி.) மாதக்கணக்கில் கொடுத்துப் பலன் கண்டார். அதன்பின் 5 ஆண்டு உயிர்பிழைப்பு 90 விழுக்காட்டை எட்டியது. வியப்பு என்னவென்றால், இந்த அளவில் மருந்து சூடோமோனாஸைக் கொல்வதில்லை. அழற்சியையும் சளிச் சுரப்பையுமே தணிக்கிறது. மூச்சுக்குழல் விரிவு நோய்க்கு வாரம் மூன்று முறை தரப்படும், அதே வகை மருந்தான அசித்ரோமைசின் சிகிச்சையும் இவ்வழி வந்ததே. இவ்வகை மருந்தால் செவித்திறன் குறைவு, இதயத் துடிப்புக் கோளாறு ஏற்படக்கூடும். சளியில் காசநோய் சாரா மைக்கோபாக்டீரியா இல்லையென உறுதிசெய்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். இருந்தால், இம்மருந்தை மட்டும் தருவது கிருமியின் எதிர்ப்புத்திறனை வளர்த்துவிடும்.