மின்னாவணக் கடவுச்சொல்லும் மறையாக்கமும்: பிடிஎப் வடிவத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பிடிஎப் ஆவணத்திற்குக் கடவுச்சொல் இடும்போது இரு வேறு செயல்கள் ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே பெயரில் நிகழ்கின்றன. ஒன்று, உரையைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைத்தல். மற்றொன்று, திறந்து படிப்பவர் அதனை அச்சிடவோ படியெடுக்கவோ இயலாதவாறு கட்டுப்படுத்தல். முன்னது கணிதத்தைச் சார்ந்தது. பின்னது மென்பொருளின் இணக்கத்தைச் சார்ந்தது. இவ்வேறுபாடு உருவான வரலாற்றையும் அதனால் ஆய்வாளர்க்கு விளையும் பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கடவுச்சொல், மறையாக்கம், பிடிஎப், மின்னாவணம், ஆவணப் பேணல்.

முன்னுரை

களப்பணியில் பதிவுசெய்த நேர்காணலின் எழுத்துவடிவம், தகவலாளர் பட்டியல், வெளியிடப்படாத ஆய்வேட்டு இயல், வினாத்தாள் எனக் காக்கப்பட வேண்டிய பல ஆவணங்கள் இன்று ஆய்வாளரின் கணினியில் உள்ளன. தகவலாளரின் பெயரை வெளியிடமாட்டோம் என்று வாக்களித்துப் பெற்ற செய்திகளும் அவற்றுள் அடங்கும். அவற்றைப் பிடிஎப் கோப்பாக்கிக் கடவுச்சொல் இட்டுவிட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. அந்நம்பிக்கை எந்த அளவு பொருந்தும் என்பதை அறிய அத்தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் காண்பது இன்றியமையாதது.

‘குறியாக்கம்’ என்னும் சொல் ஒருங்குறி முதலிய எழுத்துக் குறியீட்டு முறைகளையும் குறிப்பதால், உரையை மறைத்தலாகிய செயலுக்கு ‘மறையாக்கம்’ என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

1. கடவுச்சொல்லின் தோற்றம்

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய சூழலில் கணினிக் கடவுச்சொல் தோன்றியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான நேரப்பகிர்வு அமைப்பு 1961 நவம்பரில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. ஒருவர் கோப்பை மற்றவர் காணாதிருக்க அதில் தனித்தனிக் கடவுச்சொற்கள் வழங்கப்பட்டன. எனினும் அவை அனைத்தும் ஒரே கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன. தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால் ஆலன் ஷெர் என்னும் ஆய்வாளர் 1962இல் அக்கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் கோப்புகளைத் திருத்தியபோது தற்காலிகக் கோப்புகள் இடம் மாறின. அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியல் உள்நுழைந்தோர் அனைவருக்கும் காட்சியளித்தது.

கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைக்கக் கூடாது என்பதே இந்நிகழ்வுகள் உணர்த்திய பாடம். கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடாம் கடவுச்சொல்லை மீளப்பெற இயலாத ஒருவழி வடிவமாக மாற்றிச் சேமிக்கும் முறையை உருவாக்கினார். யூனிக்ஸ் இயங்குதளம் இம்முறையை வளர்த்தெடுத்தது. ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியனவாகவோ அகராதி முதலியவற்றில் காணப்படுவனவாகவோ இருந்ததை அவர்கள் கண்டறிந்தனர். இதற்கு மாற்றாக இரு வழிகளை அவர்கள் விளக்கினர். ஒன்று, ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் ‘உப்பு’ எனப்படும் தற்போக்கு எண்ணைச் சேர்த்தல். மற்றொன்று, சரிபார்க்கும் கணக்கீட்டை வேண்டுமென்றே மெதுவாக்குதல். இரண்டாம் வழியின் இன்றியமையாமை பிடிஎப் வரலாற்றில் பின்னர்ப் புலப்படும்.

2. திறவுகோலின் நீளம்

மறையாக்கத்தின் வலிமை, முறையை ஒளித்துவைப்பதில் இல்லாமல் திறவுகோலின் மறைவில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883இல் வகுத்த நெறி. அமெரிக்க அரசு 1977இல் வெளியிட்ட டி.இ.எஸ். தரம் இந்நெறிக்கேற்ப வெளிப்படையாக அமைந்தது. ஆயினும் அதன் 56 பிட் திறவுகோல் போதாது என டிஃபி, ஹெல்மன் ஆகியோர் தொடக்கத்திலேயே எச்சரித்தனர். 1998இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் உருவாக்கிய பொறி, சாத்தியமான திறவுகோல்களை ஒவ்வொன்றாக முயன்று 56 மணி நேரத்தில் விடை கண்டது. பெல்ஜிய அறிஞர்களான யோவான் டாமென், வின்சென்ட் ரைமன் ஆகியோரின் முறை 2001இல் ஏ.இ.எஸ். என்னும் புதிய தரமாயிற்று.

3. பிடிஎப்பில் இரு கடவுச்சொற்கள்

அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎப் வடிவத்தை அறிமுகப்படுத்தியது. தொடர்ந்து வந்த 1.1 பதிப்பில் மறையாக்கம் இடம்பெற்றது. வலிய மறையாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா அக்காலத்தில் தடை விதித்திருந்தமையால், ஆர்.சி.4 முறையில் 40 பிட் திறவுகோலே பயன்படுத்தப்பட்டது. அதன் சாத்தியங்கள் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி. இவ்வெண் பெரிதாகத் தோன்றினும் கணினிக்கு எட்டக்கூடியதே. ஏற்றுமதி விதிகள் 2000இல் தளர்ந்தன. அடுத்த ஆண்டு வந்த 1.4 பதிப்பு 128 பிட்டையும், பின்னர் வந்த 1.6 பதிப்பு ஏ.இ.எஸ். முறையையும் ஏற்றன.

இவ்வடிவத்தில் கடவுச்சொற்கள் இருவகை. ‘பயனர் கடவுச்சொல்’ ஆவணத்தைத் திறப்பதற்குரியது. ‘உரிமையாளர் கடவுச்சொல்’ அச்சிடல், படியெடுத்தல், திருத்தல் ஆகிய அனுமதிகளை வரையறுப்பதற்குரியது. பலர் உரிமையாளர் கடவுச்சொல்லை மட்டும் இட்டுப் பயனர் கடவுச்சொல்லை வெறுமையாக விடுகின்றனர். அந்நிலையிலும் கோப்பு மறையாக்கம் பெறுகிறது. ஆனால் அதன் திறவுகோலைக் கணக்கிடத் தேவையான அனைத்தும் கோப்பிலும் வெளியிடப்பட்ட விதிகளிலும் உள்ளன. ஆகவே எந்த மென்பொருளும் அதனைத் திறக்கலாம். திறந்தபின் ‘அச்சிடாதே’ என்னும் குறிப்பை மதிப்பதும் மதியாமையும் அம்மென்பொருளின் விருப்பம். அனுமதிகளை மறையாக்கம் நடைமுறைப்படுத்துவதில்லை. படிக்கும் மென்பொருளே அவற்றை மதித்து நடக்க வேண்டும் என்பதைப் பிடிஎப் விவரக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

4. ஸ்க்லியாரோவ் வழக்கு

தொழில்நுட்பம் காக்க இயலாத கட்டுப்பாட்டைச் சட்டம் காக்க முனைந்தது. மின்னணுப் பூட்டைக் கடக்க உதவும் கருவிகளை வழங்குவதை அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் குற்றமாக்கியது. மாஸ்கோவின் எல்காம்சாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த நிரலாளர் டிமித்ரி ஸ்க்லியாரோவ், பிடிஎப் அடிப்படையிலான மின்னூல்களின் பாதுகாப்புக் குறைகளை லாஸ் வேகாஸ் மாநாட்டில் விளக்கியபின் 2001 ஜூலை 16 அன்று கைதானார். அம்மின்னூல்களைச் சாதாரணப் பிடிஎப்பாக மாற்றும் அந்நிறுவன மென்பொருளே வழக்கிற்குக் காரணம். எதிர்ப்புகளைத் தொடர்ந்து அடோபி நிறுவனம் வழக்கிற்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது. 2002 டிசம்பரில் நடுவர் குழு எல்காம்சாஃப்டைக் குற்றமற்றதென விடுவித்தது. பூட்டின் குறையை வெளிப்படுத்துவது குற்றமா, ஆய்வா என்னும் வினாவை இவ்வழக்கு எழுப்பியது. முன்னர்க் கண்ட வரலாற்றில் ஒவ்வொரு முன்னேற்றமும் அத்தகைய வெளிப்படுத்தலாலேயே நிகழ்ந்துள்ளமை எண்ணத்தக்கது.

5. நீண்ட திறவுகோலும் தளர்ந்த பூட்டும்

2008இல் வெளிவந்த அக்ரோபாட் 9 மென்பொருள் 256 பிட் ஏ.இ.எஸ். முறையை அறிமுகப்படுத்தியது. திறவுகோலின் நீளம் இரட்டித்தது. ஆயினும் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கணக்கீடு மிக எளிதாக்கப்பட்டிருந்தது. முந்தைய பதிப்பில் பலமுறை மீளச் செய்யப்பட்ட கணக்கீட்டின் இடத்தில் ஒரே ஒரு கணக்கீடு அமைந்தது. இதனால் கடவுச்சொல்லை ஊகித்து முயல்வோர்க்கு முன்னைவிடப் பல மடங்கு விரைவு கிட்டியது. மோரிஸும் தாம்சனும் 1979இல் கூறிய ‘மெதுவாக்குதல்’ கைவிடப்பட்டதே இதற்குக் காரணம். அடுத்த பதிப்பில் இக்குறை களையப்பட்டது. அத்திருத்தமே 2017இன் பிடிஎப் 2.0 தரத்தில் இடம்பெற்றது.

2019இல் ஜெர்மனியின் போகம், மூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு குறையை வெளியிட்டனர். பிடிஎப் மறையாக்கம் கோப்பு முழுவதையும் மறைப்பதில்லை. கோப்பு இடையில் திருத்தப்பட்டதா என்பதையும் சரிபார்ப்பதில்லை. கோப்பு கைக்கு எட்டிய ஒருவர் கடவுச்சொல் அறியாமலே அதில் சில பகுதிகளைச் செருகி, உரியவர் திறக்கும்போது உரை தமக்கு வந்துசேருமாறு செய்ய இயன்றது. அவர்கள் ஆராய்ந்த 27 படிப்பு மென்பொருள்களும் இவ்வகைத் தாக்குதல்களுள் ஒன்றிற்கேனும் இடங்கொடுத்தன.

6. காத்தலும் பேணுதலும்

நெடுங்காலப் பேணலுக்கென 2005இல் உருவான பிடிஎப்/ஏ என்னும் பன்னாட்டுத் தரம் மறையாக்கத்தை முற்றிலும் விலக்குகிறது. செல்லரித்த சுவடியில் எஞ்சிய சில அடிகளேனும் படிக்கக் கிடைக்கும். வலிய மறையாக்கம் பெற்ற கோப்பின் திறவுகோல் தொலைந்தால் ஓர் எழுத்தும் கிடைக்காது. படியெடுத்தலைத் தடுக்கும் கட்டுப்பாடோ, திருட விரும்புவோரைத் தடுப்பதில்லை. விதியை மதிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தும் நேர்மையான வாசகரையும், சொல்லடைவு தொகுக்கும் ஆய்வாளரையுமே அது தடுக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

• உரிமையாளர் கடவுச்சொல் மட்டும் இடப்பட்ட கோப்பு மறைவானதன்று. தகவலாளர் விவரங்களை அதனை நம்பி வைத்தல் தகாது.

• மறைவு தேவைப்படும் ஆவணத்திற்குத் திறப்பதற்கான கடவுச்சொல்லே வேண்டும். அது நீண்டதாகவும் பிறர் ஊகிக்க இயலாததாகவும் வேறெங்கும் பயன்படாததாகவும் இருத்தல் வேண்டும். கோப்பு முழுவதையும் மறைத்து, திருத்தப்பட்டமையையும் கண்டறியும் தனி மறையாக்க மென்பொருள் இதனினும் ஏற்புடையது.

• திறவுகோலின் நீளத்தை மட்டும் கொண்டு பூட்டின் வலிமையை அளத்தல் பொருந்தாது.

• பேணிவைக்க வேண்டிய ஆய்வேடுகளும் பதிப்புகளும் பூட்டின்றியே ஒப்படைக்கப்பட வேண்டும். மறைக்க வேண்டிய மூலத்தரவுகளின் கடவுச்சொல், கோப்பிலிருந்து வேறாக, பொறுப்புடைய மற்றொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

எதனை மறைப்பது, எதனைத் திறந்துவைப்பது என்பதை மென்பொருள் முடிவு செய்யாது. அதனைப் பகுத்து முடிவு செய்தல், தகவலாளர்க்கு வாக்களித்த ஆய்வாளரின் கடமையாகும்.