தோளில் குத்திய ஊசி, சிறுநீர்ப்பைக்கு மருந்து

நம் வயதுக்காரர் பலருடைய தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். அந்த மூன்றெழுத்து பிரெஞ்சிலிருந்து வந்தது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'பே சே ஜே' என்போம். கல்மெத், கெரேன் இருவரும் உருவாக்கிய 'பசில்', அதாவது கிருமி, என்று பொருள். லீல் நகரில் 1908 முதல் 13 ஆண்டுகள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

1948-இல் கிண்டியில் இதற்கான தடுப்பூசிக் கூடம் வந்தது. 1955-இல் ராஜாஜி இந்த ஊசியைக் கடுமையாக எதிர்த்தார். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்துச் சோதனை தொடங்கினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோய்க்கு அது இன்றும் நல்ல காவல்.

அதே மருந்துக்கு வேறொரு வேலை இருப்பதை 1976-இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் என்ற டாக்டர் காட்டினார். சிறுநீர்ப்பையின் உட்பரப்போடு நிற்கும் ஆரம்பப் புற்றுநோய்க்கு, வாரம் ஒரு முறை, ஆறு வாரம், குழாய் வழியே பி.சி.ஜி.யை உள்ளே விட்டார். கிருமி வந்துவிட்டதென்று உடம்பு தன் வெள்ளையணுக்களைத் திரட்டி அனுப்புகிறது. அந்தப் படை புற்றணுக்களையும் சேர்த்து அழிக்கிறது. இன்றும் உலகெங்கும் இதுவே முக்கிய சிகிச்சை.

களமருதூரில் ஒரு பெரியவர், "காசநோய்க் கிருமியை எனக்குள்ளே விடுவதா?" என்று பாதியில் நிறுத்தப் பார்த்தார். ஓரிரு நாள் எரிச்சலும் லேசான காய்ச்சலும் பெரும்பாலும் உடம்பு விழித்துக்கொண்டதன் அடையாளம்தான். காய்ச்சல் கடுமையானாலோ, விடாமல் அடித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். பயந்துபோய் நாமாகச் சிகிச்சையை நிறுத்தக்கூடாது.