கடையம் வழி மீட்டர் பாதையும் மாதிரி ரயில் அமைப்பும்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்லும் இருப்புப்பாதை 1902-1903 ஆண்டுகளில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உள்ளூர்ப் பயணிகளுக்குப் பயன்பட்ட இப்பாதை, 2012-இல் திருநெல்வேலி-தென்காசி பகுதி அகலப் பாதையாகத் திறக்கப்பட்டபோது பழைய வடிவத்தை முற்றிலும் இழந்தது. மறைந்த இத்தகைய பாதைகளை அளவு மாறாமல் சிறிய வடிவில் மீட்டெடுக்கும் வழிகளில் ஒன்று மாதிரி ரயில் அமைப்பு. இன்றைய அகலப் பாதையைவிட மறைந்த மீட்டர் பாதையையே மாதிரியில் துல்லியமாகக் காட்ட முடியும் என்பது இதன் சிறப்பு.

பாதையின் வரலாறு

தமிழகத்தின் தென்கோடியைத் திருவிதாங்கூரின் கொல்லம் துறைமுகத்தோடு இணைக்கும் நோக்கில் தென்னிந்திய ரயில்வே இப்பாதையை அமைத்தது. திருநெல்வேலி-கல்லிடைக்குறிச்சி பகுதி 1902-இலும், கல்லிடைக்குறிச்சி-செங்கோட்டை பகுதி 1903-இலும் திறக்கப்பட்டன. மலையைக் குடைந்து செல்லும் செங்கோட்டை-புனலூர் பகுதி 1904-இல் முடிந்ததும் கொல்லம் வரை ரயில் ஓடியது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு வரும் பாதை 1927-இல் சேர்ந்தபின் தென்காசி சந்திப்பு நிலையமாயிற்று.

கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே பாதை தாமிரபரணியைக் கடக்கிறது. அடுத்து கீழ ஆம்பூர், ஆழ்வார்க்குறிச்சி, இரவணசமுத்திரம் நிலையங்களைத் தாண்டிக் கடையத்தை அடைகிறது. கடையத்துக்கான நிலையம் கீழக்கடையம் என்று பெயர் பெற்றது. மேட்டூர், பாவூர்சத்திரம், கீழப்புலியூர் ஆகியவை தென்காசிக்கு முன்னுள்ள நிலையங்கள். சிறையிலிருந்து விடுதலையான சுப்பிரமணிய பாரதியார், மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு 1918 டிசம்பரில் வந்தபோது, இவ்வூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விருதுநகர்-தென்காசி-செங்கோட்டை பாதை 2004-இல் அகலப் பாதையானது. 2012-இல் திருநெல்வேலி-தென்காசி பாதையும் மாறியது. செங்கோட்டை-புனலூர் மலைப்பாதையில் மீட்டர் ரயில் 2010-இல் நின்றது. அங்கு அகலப் பாதைப் பணி முழுமையாக முடிய 2018 ஆயிற்று.

மாதிரி ரயிலின் அளவீடு

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் பொம்மை ரயில்களைத் தண்டவாளத்தோடு வரிசையான அளவுகளில் விற்கத் தொடங்கியது. 1930-களில் மேசைமேல் ஓடும் சிறிய மின்சார ரயில்கள் வந்தன. அவற்றிலிருந்து வளர்ந்து இன்று உலகில் மிகுதியாகப் பயன்படுவது எச்ஓ அளவு. இதில் உண்மைப் பொருளின் 87 மீட்டர், மாதிரியில் 1 மீட்டராகச் சுருங்கும்.

உலகில் பரவலாக உள்ள இருப்புப்பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் இந்த அகலத்திலேயே வருகிறது. இந்திய அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதன் மாதிரி 19.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்த அகலத்தில் ஆயத்தத் தண்டவாளம் எளிதில் கிடைக்காததால், இந்திய அகலப் பாதை மாதிரிகள் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஓடுகின்றன. இதனால் பெட்டியின் அகலம் சரியாக இருந்தாலும் அதன் கீழுள்ள பாதை ஏறத்தாழ 14 விழுக்காடு குறுகித் தெரியும்.

மீட்டர் பாதைக்கு இச்சிக்கல் இல்லை. 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே போன்ற மீட்டர் பாதைகளுக்காக ஐரோப்பிய நிறுவனங்கள் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தயாரிக்கின்றன. கடையம் வழிப் பாதையை அதில் அமைத்தால் வேறுபாடு 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அது கண்ணுக்குத் தெரியாது.

நீளமும் சுருக்கமும்

அகலம் பொருந்தினாலும் நீளம் எளிதில் அடங்குவதில்லை. திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையேயுள்ள சுமார் 72 கிலோமீட்டர், எச்ஓ அளவில் 800 மீட்டருக்கும் மேல் வரும். 200 மீட்டர் நடைமேடை ஒன்றுக்கே 2.3 மீட்டர் இடம் தேவை. உண்மைப் பாதையில் 300 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மாதிரியில் 3.4 மீட்டர் ஆரம் கேட்கும்.

ஆகவே மாதிரி அமைப்போர் முழுப் பாதையையும் செய்வதில்லை. ஒன்றிரண்டு நிலையங்களை முழு விவரத்தோடு அமைத்து, இடைப்பட்ட தொலைவைக் குறைத்துவிடுவர். கடையம் பகுதிக்கு அம்பாசமுத்திரம் ஆற்றுப்பாலம், கீழக்கடையம் நிலையம், இடையில் வயலும் குளமும் பனைமரங்களும் போதுமானவை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பின்புறத் திரையில் ஓவியமாகத் தீட்டலாம். மலை பாதைக்கு மேற்கே நிற்பதால், பார்வையாளர் கிழக்குப் பக்கம் நின்று பார்க்கும்படி மேசையை அமைக்க வேண்டும்.

ரயில் ஓட்டத்திலும் வரலாறு உண்டு. இது ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரு வண்டிகளும் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். ஒரு வண்டி கிளைத்தடத்தில் காத்திருப்பது, கைகாட்டி இறங்குவது, மற்றது புறப்படுவது என்ற ஒழுங்கை மாதிரியில் கால அட்டவணைப்படி நடத்திப் பார்க்கும்போது, ஒரு வண்டியின் தாமதம் அடுத்த வண்டியை எப்படிப் பாதித்தது என்பது மாணவருக்கு விளங்கும்.

முன்னுதாரணங்கள்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் வந்த ராய் இங்கிலாந்து என்பவர், அப்பகுதியின் கூரை வேய்ந்த வீடுகள் மறைவதைக் கண்டு அவற்றை அளந்து மாதிரி செய்யத் தொடங்கினார். 1954-இல் உருவான அருங்காட்சியகம், 1920-30களின் கிராமங்களையும் ரயிலையும் 76-இல் ஒரு பங்கு அளவில் காட்டுகிறது. அங்குள்ள வீடுகள் உண்மையான வீடுகளை அளந்து செய்யப்பட்டவை.

இந்தியாவில் புனேயின் ஜோஷி மாதிரி ரயில் அருங்காட்சியகம் 1998-இல் தொடங்கப்பட்டது. அது ஒரு சிறு நகரத்தைச் சுற்றி ஓடும் பலவகை ரயில்களைக் காட்டுவது. குறிப்பிட்ட ஒரு பாதையின் மறுபதிப்பு அன்று.

பதிவின் தேவை

பாதை அகலப்படுத்தப்படும்போது தண்டவாளம் மட்டும் மாறுவதில்லை. தாழ்ந்த நடைமேடைகள் உயர்த்தப்படுகின்றன, கைகாட்டிகள் அகற்றப்பட்டு வண்ண விளக்குகள் வருகின்றன, நிலையக் கட்டடங்கள் பல இடங்களில் மாற்றிக் கட்டப்படுகின்றன. நீராவி எஞ்சினுக்கு நீர் நிரப்பிய தூண்களுக்கும் வேலை இல்லாமற் போகிறது. மாதிரி செய்பவருக்கு இவற்றின் நீள அகல உயரம் அனைத்தும் தேவை. ஒரு நிழற்படம் இவற்றில் சிலவற்றைத்தான் தரும்.

மீட்டர் பாதையின் பெட்டிகளையும் எஞ்சின்களையும் இன்றும் நேரில் அளக்கலாம். தமிழ்நாட்டில் நீலகிரி மலை ரயில் மீட்டர் பாதையிலேயே ஓடுகிறது. சென்னை பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய ஊர்திகள் உள்ளன. ஆனால் கீழக்கடையம் நிலையத்தின் பழைய நடைமேடை எங்கே முடிந்தது, கைகாட்டி எந்தப் பக்கம் நின்றது, கிளைத்தடம் எத்தனை பெட்டிகளைக் கொண்டது என்பவற்றை அங்கு அளக்க முடியாது. பழைய வரைபடங்கள், குடும்ப நிழற்படங்கள், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களின் நினைவு ஆகியவற்றிலிருந்தே அவற்றைத் திரட்ட வேண்டும். இவற்றுள் நினைவு என்பது ஊழியர்களின் காலத்தோடு முடிந்துவிடும் என்பதால், அதைப் பதிவு செய்வதே முதல் வேலையாகிறது.