வெளிச்சவீட்டில் வாழ்ந்தவர்கள்

கப்பல்களுக்கு வழிகாட்டக் கடலோரத்தில் எழுப்பப்படும் விளக்குக் கோபுரத்தைத் தமிழகத்தார் கலங்கரை விளக்கம் என்பர். நமது நாட்டில் அதனை வெளிச்சவீடு என்று அழைப்பதே வழக்கம். பருத்தித்துறையிலும் மட்டக்களப்பிலும் இன்றும் புழங்குவது இச்சொல்லே. இப்பெயரிலுள்ள வெளிச்சத்தின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அதிலுள்ள வீட்டின் வரலாறும், அதில் இரவு பகலாக வாழ்ந்த காவலர்களின் வரலாறும் எழுதப்படவில்லை என்றே கூறவேண்டும். கடலே இல்லாத கேகாலை, இரத்தினபுரி மாவட்ட வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், வேலை இருக்கும்வரை மாத்திரமே கூரையும் உண்டு என்ற நிலை தோட்டப்புறத்தில் பிறந்த எவருக்கும் புதிதன்று. ஆகவே, அந்த வாழ்வை இங்கு நினைவுகூர விழைகிறோம்.

கடலோடிகளுக்குத் தீ மூட்டி வழிகாட்டும் மரபு மிகப் பழையது. ஏணி சாத்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடத்தில் இரவில் எரிந்த விளக்கைப் பற்றிச் சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நின்ற கோபுரமோ உலக அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அரபியர் அதனை மனாரா என்று அழைத்தனர். ஒளி தரும் இடம் என்பது அதன் பொருள். நமது பள்ளிவாசல்களின் மினாரா என்னும் சொல்லும் அதன் வழிவந்ததே. 12 ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற இப்னு ஜுபைர், கோபுரத்தின் உச்சியில் பள்ளிவாசல் ஒன்று இருந்ததாக எழுதியுள்ளார். 1326 இல் அதனைக் கண்ட இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்து, சப்ரகமுவ எல்லையிலுள்ள பாவா ஆதம் மலையில் ஏறி, தேவேந்திரமுனையையும் கண்டு சென்றார். 1349 இல் மீண்டும் அலெக்சாந்திரியா சென்றபோது, உள்ளே நுழையவும் இயலாதவாறு அக்கோபுரம் சிதைந்திருந்தது.

இலங்கையின் வெளிச்சவீடுகளுள் பெரும்பாலானவை பிரித்தானியர் காலத்தவை. காலிக் கோட்டையில் 1848 இல் எழுந்த முதற் கோபுரம் 1934 இல் தீக்கிரையாயிற்று. மீரான் பள்ளிவாசலின் அருகே இன்று நாம் காணும் கோபுரம் 1939 இல் கட்டப்பட்டது. பேருவளைக்கு அப்பால் பாபரின் தீவில் 1889 இலும், மட்டக்களப்பில் 1913 இலும், பருத்தித்துறையில் 1916 இலும் வெளிச்சவீடுகள் அமைந்தன. 1890 இல் ஒளியேற்றப்பட்ட தேவேந்திரமுனை வெளிச்சவீடு 49 மீற்றர் உயரமுடையது. நாட்டில் இதுவே மிக உயர்ந்தது.

இவை யாவற்றிலும் கடினமான வாழ்விடம் கிரிந்தைக்கு அப்பால் நடுக்கடலில் நிற்கும் கிரேட் பாசெஸ் ஆகும். சிங்கள மக்கள் அப்பாறையை இராவணன் கோட்டை என்று அழைப்பர். அதன் ஆபத்துக்குச் சான்று கடலடியிலேயே கிடைத்தது. ஹிஜ்ரி 1113 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட, ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி நாணயங்கள் 1961 இல் அங்கு மூழ்கிக் கிடந்த கப்பலொன்றின் எச்சங்களுக்கிடையே கண்டெடுக்கப்பட்டன. அக்கப்பல் உடைந்த காலத்தில் பாறையில் விளக்கு இல்லை. ஸ்கொட்லாந்தில் செதுக்கிப் பொருத்திப் பார்க்கப்பட்ட கருங்கற்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, வில்லியம் டக்ளஸ் என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் கட்டப்பட்ட கோபுரத்தில் 1873 மார்ச் மாதத்தில் ஒளியேற்றப்பட்டது. அதற்குத் துணையான லிட்டில் பாசெஸ் 1878 இல் எழுந்தது.

இத்தகைய பாறைக் கோபுரங்களில் குடும்பத்துக்கு இடமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்ட அறைகளே காவலர்களின் வீடு. சமையலறையிலிருந்து உறங்கும் அறைக்குச் செல்வதற்கும் படியேற வேண்டும். உணவும் எண்ணெயும் கடிதங்களும் படகில் வரவேண்டும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகு பாறையை அணுகுவதே அரிது. மாற்று ஆள் வரவேண்டிய நாள் தள்ளிப்போனால், காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காவலரின் நாள் மாலையில் தொடங்கியது. பொழுது சாயுமுன் எண்ணெய் நிரப்பித் திரியைச் சீர்செய்து விளக்கேற்ற வேண்டும். பிற்காலத்தில், பெற்றோமக்ஸைப் போன்று மண்ணெண்ணெயை அழுத்தத்தால் ஆவியாக்கி எரிக்கும் விளக்குகள் வந்தன. ஒளியைச் சுழற்றும் இயந்திரம் பெரிய கடிகாரத்தைப் போன்றது. கீழிறங்கும் எடையைக் கையால் சுற்றி மேலேற்றிக்கொண்டே இருக்கவேண்டும். எனவே முறைவைத்து விழித்திருந்தனர். விடிந்ததும் விளக்கை அணைத்து, கண்ணாடி வில்லைகளின் புகைக்கரியைத் துடைத்து, திரைச்சீலையை இழுத்து மூடினர். மூடாவிடின் சூரிய ஒளி அவ்வில்லைகளிற் குவிந்து தீ மூட்டிவிடும். காற்றின் திசை, கடலின் நிலை, கடந்த கப்பல் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே உறக்கம்.

கரையோரக் கோபுரங்களில் காவலர் விடுதிகள் இருந்தன. அங்கு மனைவி மக்களுடன் வாழ முடிந்தது. தந்தை பகலில் உறங்குவதால் பிள்ளைகள் ஓசையடக்கி விளையாட வேண்டிய வீடு அது. இடமாற்றக் கட்டளை வந்தால் மூட்டை கட்டவேண்டிய வீடும் அதுவே. ஓய்வுபெறும் நாளில் விளக்கோடு கூரையும் கைவிட்டுப் போயிற்று.

பின்னர் காலம் மாறியது. உள்நாட்டுப் போர் வடக்கு, கிழக்கின் வெளிச்சவீடுகளைத் தாக்கியது. 1896 இல் கட்டப்பட்ட முல்லைத்தீவுக் கோபுரம் அதில் அழிந்தது. மின்சாரமும் சூரிய ஒளிக் கலங்களும் தன்னியக்கக் கருவிகளும் காவலரின் பணியைச் சுருக்கின. செய்மதி வழிகாட்டல் கப்பலோட்டியின் தேவையையே மாற்றிவிட்டது. இம்மாற்றங்களை நாம் குறைகூறவில்லை. கோபுரத்தின் உயரமும் பொறியியலாளரின் பெயரும் ஏடுகளில் நிலைக்க, விழித்திருந்தவரின் பெயர் மறைந்துபோவதையே குறையாகக் காண்கிறோம். எஞ்சியுள்ள விடுதிகள் பேணப்படவேண்டும். பதிவேடுகள் சுவடிக்கூடத்தில் சேர்க்கப்படவேண்டும். முன்னாள் காவலர்களினதும் குடும்பத்தாரினதும் நினைவுகள் காலந்தாழ்த்தாது பதிவுசெய்யப்படவேண்டும்.

இதே நோக்கோடு நமது மலைச்சரிவுகளையும் பார்க்கவேண்டியுள்ளது. விடியுமுன் எழுந்து இறப்பர் பால் வெட்டச் செல்பவரின் லயன் அறையும் தொழிலோடு பிணைக்கப்பட்ட வீடுதான். வெளிச்சவீட்டுக் காவலர் அரச ஊழியராக ஓரிரு தசாப்தங்கள் அவ்வாறு வாழ்ந்தார். தோட்டத் தொழிலாளியோ தலைமுறை தலைமுறையாக அவ்வாறு வாழ்கிறார். 2016 மே மாதத்தில் புளத்கொஹுபிட்டிய பகுதித் தோட்டமொன்றில் குடியிருப்பு மண்சரிவில் புதையுண்டு உயிர்கள் பலியானதைக் கேகாலை மாவட்டம் மறந்திருக்காது. ஆபத்தை அறிவிக்கும் விளக்கைக் கண்டால் கப்பல் திசைமாறிச் செல்லலாம். சொந்த நிலம் இல்லாதவர், மண்சரிவு எச்சரிக்கை கிடைத்தாலும் எங்கே செல்வார்? 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற கொள்கை 2015 இல் முன்வைக்கப்பட்ட போதிலும், லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் இன்னும் ஏராளம். பாதுகாப்பான நிலத்தில், உறுதிப்பத்திரத்துடன் கூடிய வீட்டை அவர்களுக்கு வழங்குவது அரசின் கடமை என்பதை மீண்டும் வலியுறுத்துகிறோம்.