சரக்குப் பெட்டகத்துக்குத் திறந்த எல்லை

உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு 2005 டிசம்பரில் ஹாங்காங்கில் கூடியபோது 'வர்த்தகத்துக்கான உதவி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. செல்வந்த நாடுகள் சந்தையைத் திறந்துவிட்டால் மட்டும் ஏழை நாடுகளின் ஏற்றுமதி பெருகிவிடாது. துறைமுகத் தாமதமும் மோசமான சாலையும் சுங்க நடைமுறையும் அவற்றின் பொருள்களைச் சந்தையிலிருந்து விலக்கி வைக்கின்றன என்பதே அதன் அடிப்படை. இந்த வர்த்தகச் செலவு, இறக்குமதி வரியைப் போலவே விலையை உயர்த்தும். ஆனால், வரியைப்போல அரசின் கருவூலத்துக்கு ஒரு காசும் தராது.

அந்த உதவி கண்கூடாகப் பயன் தந்த இடம், கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உகாண்டா வழியாக ருவாண்டா செல்லும் வடக்கு வழித்தடம். உகாண்டா, ருவாண்டா இரண்டுக்கும் கடற்கரை இல்லை. மலாபா எல்லையில் ஒவ்வொரு லாரியும் கென்யச் சுங்கத்துக்கு ஒருமுறை, உகாண்டாச் சுங்கத்துக்கு ஒருமுறை என இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. உலக வங்கி, பிரிட்டன் முதலியவற்றின் நிதியுதவியுடன் மலாபாவிலும் புசியாவிலும் ஒருங்கிணைந்த எல்லைச் சாவடிகள் அமைந்தன. இப்போது சரக்கு நுழையும் நாட்டில் மட்டுமே சோதனை. 2014-இல் ஒற்றைச் சுங்கப் பகுதி நடைமுறைக்கு வந்த பிறகு, உகாண்டாவுக்கு உரிய வரி, சரக்கு மொம்பாசாவில் இருக்கும்போதே செலுத்தப்படுகிறது. மொம்பாசாவிலிருந்து கம்பாலா செல்ல 18 நாள்கள் ஆனது 4 நாள்களாகக் குறைந்ததாகக் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் கூறுகிறது.

இந்த ஆதாயம் பெரும்பாலும் பெட்டகத்தில் சரக்கு ஏற்றுவோருக்குத்தான். இணையம்வழி ஒரு கூடையை விற்கும் ருவாண்டா நெசவுப் பெண்ணின் கணக்கே வேறு. சுங்கப் படிவம் நிரப்ப முகவர் கேட்கும் கட்டணத்தை 20 டன் சரக்கில் பகிர்ந்தால் கிலோவுக்குச் சில காசுகளே ஆகும். இரண்டு கிலோ பொதியில் அதுவே பொருளின் விலையை விஞ்சிவிடலாம். 2,000 டாலருக்கு உள்பட்ட சரக்குக்கு எளிய பிறப்பிடச் சான்று போதும் என்று கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் ஒரு விதி உண்டு. நல்ல விதிதான். ஆனால், அது பொருளுடன் நேரில் எல்லைக்கு வரும் சிறு வணிகரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. அஞ்சல் பொதியை அல்ல.

பணம் செலுத்தும் சிக்கல் முன்பே தீர்ந்துவிட்டது. கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா செல்பேசிப் பணச் சேவையின் முன்னோட்டத்துக்கு பிரிட்டன் அரசின் உதவி நிதி ஏறத்தாழ பத்து லட்சம் பவுண்டு தந்தது. இவ்வளவு சிறிய தொகைக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைத்த உதவித் திட்டம் வேறொன்றை நான் அறியேன். பணம் நொடியில் போகிறது, பொருள்தான் போகவில்லை. 2012-இல் நைஜீரியாவில் தொடங்கி, 2019-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஜூமியா நிறுவனம், அதே ஆண்டிலேயே கேமரூனிலும் தான்சானியாவிலும் இணைய அங்காடியை மூடியது. தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத ஊர்களில் பொதியைச் சேர்ப்பிக்கும் செலவை எந்தச் செயலியாலும் குறைத்துவிட முடியாது. வாடிக்கையாளரே வந்து பெற்றுக்கொள்ளும் மையங்களை அந்நிறுவனம் பெருக்கியதன் காரணமும் அதுவே.

இதற்கிடையே உதவியும் வற்றுகிறது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வழங்கிவந்த பிரிட்டன், 2021-இல் அதை 0.5 ஆகக் குறைத்தது, 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்துள்ளது. அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் 2025 ஜூலையுடன் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. புதிய துறைமுகங்களுக்கும் சாலைகளுக்கும் இனி கடன்தான் வழி. 2,000 டாலர் விதியை அஞ்சல் பொதிகளுக்கும் நீட்டிக்கவோ, வழித்தடத்தில் லாரிகளை மறிக்கும் காவல் சோதனைகளைக் குறைக்கவோ அயல்நாட்டுப் பணம் தேவையில்லை. நைரோபியும் கம்பாலாவும் கிகாலியும் கையெழுத்திட்டால் போதும்.