காளிக்கு நட்ட கல்: ஆதகூர்க் கல்வெட்டை மறுபடி படித்தல்

தக்கோலப் போரைப் பற்றி எழுதுவோர் யாரும் ஆதகூர்க் கல்வெட்டைத் தொடாமல் போவதில்லை. சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் மாண்ட அந்தப் போருக்கு எதிர்த்தரப்பு விட்டுச்சென்ற சான்று அது. ஆனால் அந்தக் கல் நடப்பட்டது போருக்காக அன்று, காளி என்ற நாய்க்காக. வளர்த்த பிராணி இறந்தால் வளர்த்தவரின் துக்கத்தை ஊரும் அரசும் எப்படி ஏற்றன என்பதற்குத் தென்னாட்டில் இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இக்கல்வெட்டை எபிகிராபியா இண்டிகாவின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்த ஜே. எஃப். ஃப்ளீட்டுக்கு அது முதன்மையாக ஓர் அரசியல் ஆவணம். கன்னரதேவன் என்ற ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், கங்க மன்னன் பூதுகன், வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகள் பூதுகனுக்குக் கிடைத்த வரலாறு ஆகியவற்றின் மேல்தான் அவர் கவனம் நின்றது. பூதுகன் ராஜாதித்தனைக் கொன்றது வஞ்சகத்தாலா, நேர்ப்போரிலா என்பதில் அவர் பெரிதும் உழைத்தார்; முதலில் வஞ்சகம் என்று கொண்டு, பின்னர் தாமே திருத்திக்கொண்டார். திருத்தம் நேர்மையானது. ஆனால் திருத்தத்துக்குப் பிறகும் கல்லின் நடுப்பொருள் அவருக்குப் போராகவே இருந்தது. அவர் வழி வந்தோருக்கும் காளி ஒரு சுவையான துணுக்குதான்.

இந்த வாசிப்பு கல்லின் அமைப்போடு ஒத்துப்போகவில்லை. மேலே செதுக்கியிருப்பது போர்க்களம் அன்று. ஒரு நாயும் காட்டுப்பன்றியும் கட்டிப்புரளும் காட்சி. எழுத்தும் அதையே சொல்கிறது. பூதுகனின் வீரன் மணலேரன் தக்கோலத்தில் முன்னின்று பொருதான். மகிழ்ந்த மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். மணலேரன் காளியைக் கேட்டுப் பெற்றான். பின்பு கேளலை நாட்டுப் பெளத்தூரின் மேற்குக் குன்றில் பெரிய பன்றி ஒன்றின்மேல் நாயை ஏவியபோது இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. அதற்காகவே ஆதகூர்ச் செல்லேசுவரர் கோயில் முன்பு கல் நட்டு, பெரிய ஏரியின் கீழ் நிலமும் விட்டார்கள். நாய் மணலேரனிடம் வந்த வழியைச் சொல்லத்தான் போர் வருகிறது.

ஃப்ளீட்டின் பக்கம் நின்று ஒன்று சொல்லலாம். அதே கல்லில் ஆதகூர்ப் பன்னிரண்டு ஊர்கள் மணலேரனுக்குக் கொடையாகக் கிடைத்த செய்தியும் உண்டு. அப்படியானால் நாயின் கதை நிலவுரிமையைப் பதிவதற்கு ஒரு முகாந்திரமாக இருந்திருக்கலாமே? இருந்திருக்கலாம். ஆனால் நிலவுரிமையைப் பதியப் பன்றியோடு பொருதும் நாயைச் செதுக்கவேண்டிய தேவை இல்லை.

இந்தக் கல்லில் என்னை அதிகம் நிறுத்திய வரி காவல் வாசகம். அந்த நிலத்தை அனுபவிக்கும் கொரவர் (சைவப் பூசாரி) கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால், நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்கிறது. கொடைக்குத் தீங்கு செய்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது நமக்குப் பழகிய வாசகம். இங்கே வருவது நாயின் பாவம். பாவம் செய்யக்கூடிய உயிராகக் காளியை எண்ணியிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், மணலேரனின் இழப்பை அவன் ஒருவனே சுமக்கும்படி விடவில்லை என்பது. அந்த நினைவு வேறொருவரின் அன்றாடக் கடமை ஆனது. கடமைக்கு நிலம், தவறினால் தண்டனை. ஆறுதல் என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை; இந்த ஏற்பாட்டை வேறெந்தப் பெயரிட்டு அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சக ஆண்டு 872, சௌமிய ஆண்டு என்பது கி.பி. 949-50. அது போரின் ஆண்டா, கல் நட்ட ஆண்டா? வேட்டைக்குத் தனி நாள் குறிக்கப்படவில்லை. காளி மணலேரனிடம் எத்தனை காலம் இருந்தது என்பதை இந்தக் கல்லை வைத்துச் சொல்ல இயலாது.

இதற்கு மூன்று நூற்றாண்டு முந்தையது செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல். பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், எருமைப் பூசலில் பட்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதை அதில் தனியே எழுதியிருக்கிறார்கள். நாய் இறந்தது என்று கல் சொல்லவில்லை. எதைக் காத்தது? எருமைகளை என்று கொள்வது எளிது. வீழ்ந்த வீரனின் உடலை என்றே நான் கொள்கிறேன். எருமைகளைக் காத்தது மட்டும்தான் செய்தி என்றால், அது வீரனின் செயலிலேயே அடங்கிவிடும். நாய்க்குப் பெயரும் தனி வாசகமும் தேவைப்பட்டிரா. இங்கே இழந்து நிற்பது நாய். சான்று மெலிந்தது என்பதை மறுக்கவில்லை. ஆண்டும் உறுதியில்லை: மகேந்திரன் 600 முதல் 630 வரை ஆண்டான் என்ற பழைய கணக்கில் 34-ஆம் ஆண்டுக்கு இடமே இல்லை, 590-இல் பட்டமேறினான் என்றால் கல் 624-ஐ ஒட்டி வரும். எடுத்தனூரிலிருந்து ஆதகூருக்கு நேர்க்கோடு இழுக்கவும் நான் துணியமாட்டேன்.

ஃப்ளீட்டின் பதிப்பு கல்கத்தாவில் அச்சானது. அதே நகரின் கார்டன் ரீச்சில், அவத் அரசை இழந்து வந்த நவாப் வாஜித் அலி ஷா புலி, பாம்பு, மயில், புறா என்று பெரும் விலங்குக் கூட்டத்தை வளர்த்து 1887-இல் இறந்தார். அவருக்குப் பின் அவை கலைந்தன. அங்கே முதலில் போனது வளர்த்தவர். இழப்பை ஏற்க ஏரி நிலமும் இல்லை, கொரவரும் இல்லை.

நம் காலத்தில் மானாமதுரையில் ஒரு முதியவர் தம் நாய்க்குச் சிலை வைத்துக் கோயில் கட்டியது 2022-இல் செய்தியானது. பலருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. ஆதகூரில் அது அரச ஏற்பாடு.

நாய்ப் புடைப்புள்ள நடுகற்கள் பல, பட்டியல்களில் ‘அருகில் நாய்’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அந்தக் கற்களை நேரில் பார்ப்பவர்கள் நாய்க்குப் பெயர் உண்டா, தனி வாசகம் உண்டா, பூசைக்கு நிலம் உண்டா என்ற மூன்றையும் தேடிப் பதிய வேண்டும்.